தகரக் கூரைக்கு அடியில் ரேஸ் கார்: செட்டிப்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் சூட்டைக் குறைத்த விவரம்

கோவைக்குத் தெற்கே, செட்டிப்பாளையத்துக்கும் கிணத்துக்கடவுக்கும் நடுவில், ஒரு வாடகை ஷெட்டில் சின்ன டீம் ஒன்று ஃபார்முலா கார் (ஒற்றை இருக்கை ரேஸ் கார்) கட்டுகிறது. பைப்பை வளைத்து, டிக் வெல்டிங்கில் சேஸிஸ் (காரின் எலும்புக்கூடு) அடித்து, ஃபைபர் பாடி போட்டு, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து ரேஸுக்கு அனுப்புவது வரை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் நடக்கிறது. மார்ச் பாதியிலிருந்து மே கடைசி வரை மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை அங்கே உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. வெல்டர் குனிந்தால் வியர்வை புதுப் பைப்பில் சொட்டும். சொட்டிய இடத்தில் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். ரேஸ் சீசனுக்கு முந்தைய தயாரிப்பு வேலைகள் பாதிக்கு மேல் இந்த மாதங்களில்தான் விழுகின்றன என்பதால் டீமுக்கு இது பெரிய நஷ்டம்.

"முழு ஷெட்டுக்கும் ஏசி போட எத்தனை டன் வேணுங்க?" என்றுதான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் வேலையில் வளர்ந்தவன். மில்லில் நூல் அறுந்துவிடக் கூடாது என்று காற்றில் ஈரத்தை 55, 60 சதவீதத்தில் நிறுத்தி வைப்போம். இரும்பை வைத்துப் பிழைக்கிற பட்டறைக்கு அந்த ஈரமே எதிரி. கோவையில் ஷெட்டுக்குக் குளிர்ச்சி என்றாலே மில் பழக்கத்தில் தண்ணீரைத்தான் முதலில் நினைப்போம். இந்த ஷெட்டில் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது, அதுவும் பாதி இடத்துக்கு மட்டும்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்து, ஓரளவு கையில் காசு இருந்தால் ஓட்டிப் பழகலாம் என்ற நிலையைக் கொண்டுவந்த எஸ்.கரிவர்தன் கோவைக்காரர். 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரில்தான் 2003-ல் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். டிராக்கைச் சுற்றி இப்படிப்பட்ட பட்டறைகள் முளைத்ததில் ஆச்சரியம் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை தகர ஷெட்டுகள். ஆகவே இந்த ஒரு ஷெட்டின் கதை இன்னும் பலருக்கு உதவும் என்று நினைத்து விவரமாக எழுதுகிறேன்.

ஷெட்டு

60 அடி நீளம், 40 அடி அகலம். ஓரத்தில் 16 அடி உயரம், முகட்டில் 20. கூரை அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டு, நீல நிறம். சுவர் 10 அடி வரை ஹாலோ பிளாக், அதற்கு மேல் அதே ஷீட்டு. முகட்டில் நான்கு டர்போ வென்டிலேட்டர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு இரண்டு பாலிகார்பனேட் ஷீட்டு, கிழக்குச் சரிவில் ஒன்று, மேற்குச் சரிவில் ஒன்று.

முகடு வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதாவது நீளச் சுவர்கள் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. ரோடு மேற்கே இருப்பதால் ரோலிங் ஷட்டரும் மேற்கே. வெயிலுக்கு இதைவிட மோசமாக ஒரு ஷெட்டை நிறுத்த முடியாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வருகிற திசையும் மேற்குதான். மலைத் தொடரில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டருக்கு விட்டுப்போன அந்த இடைவெளி வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி வரை அடிக்கிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. வெயிலுக்கு மேற்கை மூடு, காற்றுக்கு மேற்கைத் திற என்ற இந்த இழுபறி, வேலை முடிகிற வரை எங்களோடு வந்தது.

இன்னொன்று, ஷெட்டு வாடகைக்கு எடுத்தது. கூரையைப் பிரித்து சாண்ட்விச் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவில் சூடு தடுக்கும் பொருள் வைத்த பலகை) போடுவது முதல் நாளே பேச்சிலிருந்து போய்விட்டது. ஷீட்டில் ஓட்டை போடக் கூடாது, காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போக முடிய வேண்டும்.

சூடு எந்த வழியாக வருகிறது

ஏப்ரல் மாதத்து மதியம் ஒன்றரை மணி. வெளியே வேப்ப மர நிழலில் 37 டிகிரி. ஷெட்டுக்குள் தலை உயரத்தில் காற்று 40-ஐ ஒட்டி. இன்ஃப்ராரெட் கன்னைக் கூரைக்கு நீட்டினால் ஷீட்டின் அடிப்பக்கம் 65.

இந்த மூன்று எண்களுக்குள்ளேயே விடை இருக்கிறது. உள்ளே இருக்கிற காற்று வெளிக்காற்றைவிட மூன்று டிகிரிதான் அதிகம். டர்போ வென்டிலேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் நான்கு போட்டாலும் அந்த மூன்று டிகிரியில்தான் ஏதாவது குறையும். ஆளை வாட்டுவது காற்று இல்லை, கூரை. அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது காற்று சூடாவதற்கு முன்பே முகம் சுடுகிறதே, அதே கதிர்வீச்சு. 65 டிகிரி ஷீட்டு ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 740 வாட்டைக் கீழே வீசுகிறது. 35 டிகிரியில் இருக்கும் நம் தோல் திருப்பி வீசுவது 510 வாட். மிச்சம் 200 வாட்டுக்கு மேல் உடம்பு வாங்கிக்கொள்கிறது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இந்த 200 வாட்டைத் தடுக்காது, கதிர் காற்றைக் கடந்து நேராக வந்துவிடும்.

முழு ஷெட்டுக்கும் ஏசி என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் கிடைத்தது. கூரை 223 சதுர மீட்டர். ஷீட்டு 65-லும் உள்ளே 27-லும் இருக்க வேண்டுமானால் கூரை வழியாக மட்டும் 50 கிலோவாட் இறங்கும். கிட்டத்தட்ட 14 டன் ஏசி கூரைக்கே தீனி. சுவர், ஷட்டர், ஆட்கள், வெல்டிங் மெஷின் எல்லாம் தனி. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சூடு காருக்கு என்ன செய்கிறது

ஆட்களின் பாடு ஒருபுறம் இருக்கட்டும். ரேஸ் கார் வேலைக்கு என்று சில தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. சாதாரண ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் இவற்றை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

சேஸிஸ் ஜிக், அதாவது வெல்டிங் அடிக்கும்போது பைப்புகளை அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சட்டம், ஷெட்டின் நடுவில், மேற்குப் பாலிகார்பனேட் ஷீட்டுக்கு நேர் கீழே இருந்தது. மதியத்துக்கு மேல் வெயில் ஒரு கட்டமாக இறங்கி, சேஸிஸின் ஒரு பக்கத்துப் பைப் மேல் மெல்ல நகர்ந்து போகும். காலையில் விரலால் உருவினால் வருகிற சஸ்பென்ஷன் மவுண்ட் பின், இரண்டு மணிக்குச் சுத்தியல் கேட்கும். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் நீளும். இரண்டரை மீட்டர் பைப்பில் ஒரு பக்கம் மட்டும் 15 டிகிரி ஏறினால் 0.45 மில்லிமீட்டர். ஜிக்கும் சேஸிஸும் ஒன்றாகச் சூடானால் ஒன்றாகவே நீளும், குற்றம் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் சூடாவதுதான் வம்பு. அந்த நேரத்தில் டேக் (பைப்பைப் பிடித்து நிறுத்தும் பொட்டு வெல்டிங்) அடித்தால் சாயங்காலம் குளிர்ந்ததும் சேஸிஸ் அந்த வளைவை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இன்ஜினில் இன்னும் நுணுக்கம். 75 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளை) உள்ள அலுமினியம் பிளாக்கு 10 டிகிரி ஏறினால் 17 மைக்ரான் விரியும். அளக்கிற எஃகு மைக்ரோமீட்டரும் 9 மைக்ரான் விரிவதால் அளவில் 8 மைக்ரான் பொய் வரும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் 40 மைக்ரான் இடைவெளி வைக்கிற இடத்தில் 8 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அளவெடுக்க 20 டிகிரி என்று உலகம் முழுக்க ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். 20 நமக்குக் கட்டாது. பிளாக்கும், பிஸ்டனும், மைக்ரோமீட்டரும் ஒரே அறையில் ஒரு ராத்திரி முழுக்க ஊறி, எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்திருந்தால் பொய் பெருமளவு குறைந்துவிடும். அதற்கு மாறாத சூட்டில் நிற்கிற ஓர் அறை வேண்டும்.

எபாக்ஸி ரெசின் 10 டிகிரி ஏறினால் பாதி நேரத்தில் இறுகிவிடும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தரும் கலவை 35-ல் கால் மணிதான் தாங்கும். நோஸ் கோன் மாதிரி நீளமான பாகத்துக்கு மேட் போட்டு, ரோலர் ஓட்டி, காற்றுக் குமிழியை வெளியேற்றுவதற்குள் மக்கில் மிச்சமிருப்பது கட்டியாகிப் புகையத் தொடங்கிவிடும். இந்த டீம் ஃபைபர் வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டது. கோடையில் அது நல்ல பழக்கம், அதை மாற்ற வேண்டாம் என்றே சொன்னேன்.

வந்து குவிந்த யோசனைகள்

நம் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு யோசனை சொல்வார்கள். பொள்ளாச்சியிலிருந்து தென்னங்கீற்று வாங்கிக் கூரைமேல் பரப்புங்கள் என்றார் ஒருவர். சூட்டைத் தடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோலும், ரெசினும், ஏஜி ஃபோர் கிரைண்டிங் மெஷினின் தீப்பொறியும் புழங்குகிற இடத்தில் தலைக்குமேல் காய்ந்த ஓலையை வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுண்ணாம்பு அடிப்பது கான்கிரீட் மொட்டை மாடிக்கு அருமையான வழி. துத்தநாகமும் அலுமினியமும் பூசிய ஷீட்டில் ஈரச் சுண்ணாம்பின் காரம் பூச்சையே அரிக்கும், வேண்டாம். கூரைமேல் ஸ்பிரிங்ளர் வைத்தால் ஷீட்டு உடனே குளிரும், கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் சப்பைத் தண்ணீர். உப்பு படிந்து, ஸ்க்ரூத் துளைகளைச் சுற்றித்தான் முதலில் துரு பிடிக்கும். மழைக்காலத்தில் ஒழுகும்போதுதான் அது தெரியவரும்.

தெர்மோகோல் சீலிங்கும், ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட்டும் விலை குறைவு என்பதால் எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. தெர்மோகோல் 100 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும். பற்றிக்கொண்டால் எரிந்துகொண்டே சொட்டும். பபிள் ஷீட்டின் நடுவில் இருப்பதும் பிளாஸ்டிக்தான். துணிக்கடை கோடவுனுக்குக்கூட யோசிக்க வேண்டிய பொருளை வெல்டிங் நடக்கிற இடத்தில் போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். தீப்பொறி பட்டாலும் எரியாத பொருள் என்று தேடினால் ராக் வுல்லும் கிளாஸ் வுல்லும்தான் மிஞ்சுகின்றன. ராக் வுல் என்பது பாறையை உருக்கி நூற்ற பஞ்சு, 1000 டிகிரி வரை நிற்கும். அதையே எடுத்தோம்.

கூரையில் செய்தது

முதலில் மேலே வெள்ளை. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயிண்ட், ஷீட்டைக் கழுவி, துரு கண்ட இடத்தில் பிரைமர் அடித்து, இரண்டு கோட்டு. புதிதாக இருக்கும்போது விழுகிற வெயிலில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். ஷீட்டுக்கு ஆயுள் கூடும் என்பதால் ஷெட்டு ஓனரும் மறுப்புச் சொல்லவில்லை. மொத்த வேலையில் செலவு மிகக் குறைவும், பலன் மிகச் சீக்கிரமும் இதில்தான். கையில் காசு இல்லாத பட்டறைக்காரர்களுக்கு என் ஒரே யோசனை, வேறெதுவும் செய்யாவிட்டாலும் பங்குனிக்குள் கூரையை வெள்ளையாக்கிவிடுங்கள் என்பதே. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். கிணத்துக்கடவு பக்கம் கல்குவாரித் தூசி அதிகம். தூசி படிந்தால் திருப்பி அனுப்பும் அளவு 65, 70-க்கு இறங்கிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

அப்புறம் அடிப்பக்கம். பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) கிளாம்பு மாட்டி, அதில் கம்பி வலையைத் தொங்கவிட்டு, 50 மில்லிமீட்டர் ராக் வுல் பலகைகளை வலைமேல் பரப்பினோம். ஷீட்டில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்றால் மொத்தக் கூரைக்கும் அரை டன்னுக்குச் சற்று மேல். டிரஸ் (கூரையைச் சுமக்கும் இரும்புச் சட்டகம்) அதைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கை வைத்தோம். பழைய ஷெட்டுகளில் இதைத் தவிர்க்கவே கூடாது.

பலகையின் ஒரு முகத்தில் அலுமினியம் ஃபாயில் உண்டு. அந்த முகம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்து வைத்தால் சில மாதத்தில் தூசி மூடி, ஃபாயில் என்ற குணமே போய்விடும். கீழே பார்க்கிற ஃபாயிலில் தூசி தங்காது. பளபளப்பான அலுமினியம் தன் சூட்டைக் கதிராக வீசுவது மிகக் குறைவு, சாதாரணப் பரப்பு வீசுவதில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். இன்னொரு லாபமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் ஷீட்டு வானத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்து வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கிற ஈரக் காற்று மேலே போய் அதில் பட்டால் வியர்த்துச் சொட்டும். பஞ்சு நனைந்தால் அதன் தடுப்புக் குணம் போச்சு. கீழ் முகத்து ஃபாயில் அந்த ஈரத்தை மேலே விடாது. அதனால்தான் ஒவ்வொரு இணைப்பையும் அலுமினியம் டேப்பால் மூடச் சொன்னேன். ஆட்கள் சலித்துக்கொண்டார்கள், ஆனாலும் விடவில்லை. டேப் ஒட்டாத இணைப்பு ஈரத்துக்குத் திறந்த வாசல்.

கூரைக்கணக்கு இப்போது எப்படி ஆனது என்று பாருங்கள். முன்பு 65 டிகிரி ஷீட்டிலிருந்து 39, 40 டிகிரி காற்றுக்கும் ஆட்களுக்கும் 30 கிலோவாட்டுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை அடித்த ஷீட்டு 45-ஐ ஒட்டி, அதற்குக் கீழே ராக் வுல் என்றால் ஒன்றரை கிலோவாட் அளவுக்கு வந்துவிடுகிறது. அப்படி வந்ததும் அதுவரை கண்ணில் படாத வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. 30 கிலோவாட்டுக்குள் மறைந்திருந்த அந்த இரண்டு பாலிகார்பனேட் ஷீட்டுகளும் சேர்ந்து நல்ல வெயிலில் 3 கிலோவாட்டை உள்ளே விடுகின்றன. முழுக் கூரையும் விடுவதைப் போல இரண்டு மடங்கு. மேற்கே இருந்ததை மூடி அங்கே எல்இடி விளக்கு போட்டோம், ஜிக்குக்கு மேல் நகர்ந்த அந்த வெயில் கட்டமும் அதோடு ஒழிந்தது. கிழக்கே இருப்பது காலை வெளிச்சத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

காற்றும் வெல்டிங்கும்

"ஏனுங்க சார், ஃபேனப் போட்டா பீடு பூரா புளோ ஹோலுங்க. நிறுத்துனா ஆளு வெந்து போறமுங்க. ரெண்டுல ஒண்ணுக்கு வழி சொல்லுங்க." டிக் வெல்டிங் செய்கிற அண்ணன் முதல் நாளே சொன்னது இது. பீடு என்பது வெல்டிங் போட்ட கோடு, புளோ ஹோல் அதில் விழும் துளை. பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

டிக்கில் ஆர்கான் வாயுதான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது. மிக் வெல்டிங்குக்கே விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்றடித்தால் வாயு கலைந்து பீடில் துளை விழும், டிக் அதைவிட மென்மையானது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், மேற்கு ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் பைப்புக் கூண்டு) அடிப்பது ஓட்டுநரின் உயிரோடு விளையாடுவதாகும். வெளியே பளிச்சென்று தெரிகிற பீடுக்குள் துளை இருந்தால் வண்டி கவிழும் நாளில்தான் அது தெரியும்.

ஆகவே ஷெட்டை இரண்டாகப் பிரித்தோம். கிழக்குப் பாதி வெல்டிங்குக்கும் ஜிக்குக்கும், மேற்குப் பாதி அசெம்பிளிக்கும் டயர், சஸ்பென்ஷன் வேலைக்கும். நடுவில் வெல்டிங் திரை, தரையிலிருந்து ஒரு அடி விட்டு. மேற்கிலிருந்து வருகிற காற்று திரையில் மோதி, கீழ் இடைவெளி வழியாகக் கால் மட்டத்தில் மெதுவாக நுழைந்து, புகையோடு முகட்டு வென்டிலேட்டருக்கு ஏறும். டேபிள் உயரத்தில் சலனமே இல்லை, சாம்பிராணி ஏற்றிப் புகை நேராக ஏறுகிறதா என்று பார்த்தே திரையின் இடத்தை முடிவு செய்தோம். இந்த வேலைக்கு அனிமோமீட்டரைவிட அது எளிது. கூரைக் கதிர் போனதால் வெல்டருக்கு முன்போல அசுரக் காற்று தேவைப்படவில்லை, முதுகுப் பக்கம் தாழ்வாக வைத்த ஒரு சின்ன ஃபேன் போதுமாகிவிட்டது.

டர்போ வென்டிலேட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சூடான காற்று மேலே போக வேண்டுமானால் அதே அளவு காற்று கீழே நுழைய வழி வேண்டும். பல ஷெட்டுகளில் மேலே எட்டு வென்டிலேட்டர் சுற்றும், ஷட்டரை இறக்கிவிட்டால் கீழே ஒரு ஜன்னல்கூட இருக்காது. இங்கே கிழக்கு, மேற்குச் சுவர்களில் முழங்கால் உயரத்தில் வலை போட்ட லூவர்கள் வைத்தோம். ராத்திரியிலும் அவை திறந்தே இருக்கும். ஏப்ரலிலும் கோவையில் விடியற்காலை 24, 25-க்கு இறங்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க அந்தக் காற்று கான்கிரீட் தரையைத் தடவிப் போனால் காலை பத்து, பதினொன்று வரை தரை குளிர்ந்தே இருக்கும். கொங்கு நாட்டின் இரவுக் குளிர்ச்சி இலவசம், அதைப் பயன்படுத்தாமல் ஷட்டரை இறுக்கிப் பூட்டிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

தண்ணீர் கூலர்

இதெல்லாம் முடிந்த பிறகு மேற்குப் பாதிக்கு மட்டும் ஒரு டக்ட் கூலர் (ஈரமான பேடு வழியாகக் காற்றை இழுத்துக் குழாயில் அனுப்பும் தண்ணீர் கூலர்) வைத்தோம், மணிக்கு 18,000 கன மீட்டர் காற்றுத் தள்ளும் வகை. பாதி ஷெட்டின் காற்றை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடும். மார்ச், ஏப்ரல் மதியத்தில் 37 டிகிரியும் 30 சதவீத ஈரமும் இருக்கும்போது ஈரக்குமிழ் வெப்பநிலை (தண்ணீர் ஆவியாவதால் மட்டும் காற்று இறங்கக்கூடிய கடைசி அளவு) 24-ஐ ஒட்டி இருக்கும். நல்ல பேடு அந்த இடைவெளியில் 80 சதவீதம் வரை இறக்கும், டக்டில் 27 டிகிரிக் காற்று வரும். ஆனால் அந்தக் காற்று ஈரம் சுமந்து வருகிறது. கிழக்குப் பாதியில் பெயிண்ட் அடிக்காத வெறும் பைப் இருக்கிற வரை அங்கே அது போகக் கூடாது. மேற்கிலும், வேலை முடிவதற்கு அரை மணி முன்பே பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், பேடும் இடமும் காய்ந்துவிடும். திறந்து கிடக்கும் பிரேக் டிஸ்க்குகளுக்கு எண்ணெய் தடவிய துணி.

நல்ல வெயிலில் அந்தக் கூலர் மணிக்கு 80 லிட்டர் தண்ணீரைக் காற்றோடு அனுப்பிவிடும். உப்பு சேராமல் இருக்க அவ்வப்போது தொட்டியை வெளியேற்றவும் வேண்டும். போர் ஆயிரம் அடி போகிற பூமியில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் கூலர் பன்னிரண்டு முதல் நான்கு வரை மட்டும், ஜூனில் காற்று எழும்பியதும் அதற்கு ஓய்வு. வெளியேற்றுகிற தண்ணீர் வாசலில் இருக்கும் புங்க மரத்துக்குப் போகிறது.

வீல் அலைன்மென்ட் எடுக்கும்போது கூலரையும் ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே இப்போது சட்டம். காரின் இருபுறமும் நூல் கட்டித்தான் டோ (சக்கரம் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அளக்கிறார்கள். டக்ட் காற்றில் நூல் ஒரு மில்லிமீட்டர் துடித்தாலும் அளவு போச்சு.

இன்ஜின் அறை

வடகிழக்கு மூலையில் 20-க்கு 15 அடியில், 9 அடி உயரத்தில் ஓர் அறை, 50 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனலில், கழற்றி எடுத்துப் போகும்படி. வெளியில் இருக்கும் கூரை ஏற்கெனவே அடங்கிவிட்டதால் ஒன்றரை டன் ஏசி போதும். பஃப் எரியக்கூடியது என்பதால் வெட்டிய ஓரமெல்லாம் தகடு போட்டு மூடியிருக்கிறது, உள்ளே கிரைண்டிங்கோ வெல்டிங்கோ கிடையாது.

ஏசியை 26-க்குக் கீழே இறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். இன்ஜின் பார்க்கிற தம்பி 20-ல் வைக்கத்தான் ஆசைப்பட்டார். அளவெடுக்க 20 நல்லதுதானே என்றார், நியாயம்தான். ஆனால் ஐப்பசி மழையில் ஷெட்டுக் காற்று 28 டிகிரி, 80 சதவீத ஈரம் என்று நிற்கும்போது அதன் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு, 24. 20 டிகிரியில் ஊறிய கிராங்க் ஷாஃப்டைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்த நிமிடத்தில் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் வழவழப்பான பகுதி) முழுக்க வியர்த்துவிடும். பாலிஷ் போட்ட ஜர்னலில் அந்த ஈரம் காய்வதற்குள் துருவின் முதல் நிழல் விழுந்துவிடும். 26 என்றால் அந்த ஆபத்து இல்லை. சூடு மாறாமல் நிற்பதுதான் அளவுக்கு முக்கியம், எத்தனை டிகிரி என்பது அதற்கு அடுத்தது.

அடுத்த கோடையில்

அதே மாதிரி ஒரு மே மாத மதியம், வெளியே 37. கீழே இருந்து பார்த்தால் தெரிகிற ஃபாயில் முகம் பளபளப்பாக இருப்பதால் இன்ஃப்ராரெட் கன் அதைச் சரியாகப் படிக்காது, கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பார்த்தோம். 38-ஐ ஒட்டி இருந்தது. வெல்டிங் பக்கம் காற்று வெளிக்காற்றுக்குச் சமம், கூலர் பக்கம் 30-ஐ ஒட்டி. மதிய வேலை நிற்பது நின்றுவிட்டது. ஜிக் பின் இரண்டு மணிக்கும் விரலுக்கு வருகிறது.

வெல்டிங் பக்கம் காற்றின் சூடு மூன்று டிகிரிதான் குறைந்திருக்கிறது என்று தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு யாராவது இந்தச் செலவு வீண் என்று சொல்லக்கூடும். அங்கே நாள் முழுக்க நிற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். தலைக்குமேல் 65 டிகிரி இருந்தபோது 40 டிகிரிக் காற்றில் நிற்பதும், தலைக்குமேல் 38 இருக்கும்போது அதே மாதிரிக் காற்றில் நிற்பதும் உடம்புக்கு வேறு வேறு.

மிச்சம் இருப்பது மேற்குச் சுவரும் ஷட்டரும். நான்கு மணிக்கு மேல் ஷட்டர் தகடு இன்னமும் 50-ஐத் தாண்டுகிறது, டயர் ரேக்கு அதன் பக்கத்தில் இருக்கிறது. வெயில் பட்ட டயருக்கும் நிழல் டயருக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் குளிர்நிலைப் பிரஷரில் 1 பிஎஸ்ஐ தப்பும். ரேக்கை இப்போதைக்கு வடக்குச் சுவருக்கு மாற்றியாகிவிட்டது. ஷட்டருக்கு முன்னால் 10 அடி தள்ளி, மேல் பக்கம் மறைத்து, காற்று வர இடைவெளி விட்ட ஷீட்டுச் சார்ப்பு ஒன்று போடத் திட்டம். ஆடிக் காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகாதபடி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று இன்ஜினியர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஓனர் சம்மதம் சொன்னால் தை மாதத்தில் வேலை தொடங்கும்.